மண்ணின் புளிப்பை எண்ணால் சொன்னவர்

உயர்நிலைப் பள்ளி ஆய்வகத்தில் ஒரு நிறத்தாளைக் கரைசலில் நனைத்து, அதில் தோன்றும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்த அனுபவம் நம்மில் பெரும்பாலோருக்கு உண்டு. சிவப்பு என்றால் அமிலம், ஊதா என்றால் காரம், நடுவில் பச்சை. அட்டையின் ஓரத்தில் 1 முதல் 14 வரை எண்கள். மேலே பிஎச் என்ற இரண்டு எழுத்துகள்.

அந்த எழுத்துகள் ஆய்வகத்தோடு நின்றுவிடவில்லை. பூச்செடிக் கடையில் விற்கப்படும் மண் பையிலும், மீன்தொட்டி நீரைச் சோதிக்கும் பெட்டியிலும், நீச்சல் குளத்து அறிவிப்புப் பலகையிலும், முகம் கழுவும் திரவப் புட்டியிலும் அவற்றைக் காணலாம். ஆனால், அவற்றை உலகிற்குத் தந்தவர் யார் என்று கேட்டால் பதில் சொல்லத் தயங்குவோம்.

அவர் டென்மார்க் நாட்டு வேதியியலாளர் சோரன் பீட்டர் லௌரிட்ஸ் சோரன்சன். விவசாயக் குடும்பத்தில் பிறந்து, ஒரு பியர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர். செடிகளுக்காக அவர் அந்த அளவுகோலை உருவாக்கவில்லை. இருந்தும், இன்று உலகில் எந்த மூலையில் ஒருவர் தம் தொட்டி மண்ணைச் சோதித்தாலும் அவர் வகுத்த வழியில்தான் சோதிக்கிறார்.

பண்ணை வீட்டுப் பிள்ளை

சோரன்சன் 1868ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் தேதி, டென்மார்க்கின் ஷீலாந்து தீவில் உள்ள ஹவ்ரபியர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை விவசாயி.

அது டென்மார்க் தன் மண்ணைப் பற்றிக் கவலையோடு சிந்தித்துக்கொண்டிருந்த காலம். 1864ல் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் தொடுத்த போரில் தோற்று, தெற்கே பெரும் நிலப்பகுதியை அந்நாடு இழந்திருந்தது. வெளியே இழந்ததை உள்ளே ஈடுசெய்ய வேண்டும் என்ற எண்ணம் மக்களிடையே வலுத்தது. மேற்கில் ஜட்லாந்தில் பரந்து கிடந்த பொட்டல் வெளிகளை விளைநிலமாக்க 1866ல் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. அங்கிருந்த மணல் மண் அமிலத்தன்மை மிக்கது. சுண்ணாம்பு கலந்த களிமண்ணை வெட்டியெடுத்து வயலில் கொட்டினால் விளைச்சல் கூடும் என்பதை விவசாயிகள் அனுபவத்தில் அறிந்திருந்தனர்.

ஆனால், எவ்வளவு கொட்டுவது? மண் எந்த அளவுக்குப் புளித்திருக்கிறது? இதற்கு யாரிடமும் துல்லியமான பதில் இல்லை. ஈர மண்ணில் லிட்மஸ் தாளை வைத்தால் அது சிவக்கும், அல்லது நீலமாகவே இருக்கும். அமிலம் உண்டா இல்லையா என்பதைச் சொல்லும் அந்தத் தாளால், எவ்வளவு என்பதைச் சொல்ல இயலாது. குறைவாகப் போட்டால் பலனில்லை. அதிகமாகப் போட்டால் உழைப்பும் பணமும் வீண், பயிரும் கெடும்.

அப்படிப்பட்ட நாட்டில் வளர்ந்த சோரன்சன், 18 வயதில் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மருத்துவராக வேண்டும் என்பதே அவரது முதல் எண்ணம். அங்கே வேதியியல் கற்பித்த பேராசிரியர் எஸ்.எம். யோர்கன்சனின் தாக்கத்தால் அவர் பாதை மாறியது. மாணவராக இருந்தபோதே வேதியியல் கட்டுரைகளுக்காகப் பல்கலைக்கழகத்தின் தங்கப் பதக்கத்தை இரண்டு முறை வென்றார்.

பதக்கங்கள் கிடைத்தாலும் ஆராய்ச்சிக்கான வசதி உடனே அமைந்துவிடவில்லை. தொழில்நுட்பக் கல்லூரியின் ஆய்வகத்தில் உதவியாளராக வேலை பார்த்தார். நாட்டின் நிலவியல் ஆய்வுப் பணியில் உதவினார். அரச கடற்படையின் கப்பல் பட்டறைக்கு ஆலோசகராகவும் இருந்தார். இவற்றுக்கிடையே கோபால்ட் சேர்மங்களை ஆராய்ந்து 1899ல் முனைவர் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 31.

பியர் ஆலைக்குள் ஓர் ஆய்வுக்கூடம்

1901ஆம் ஆண்டு சோரன்சனின் வாழ்க்கையில் ஒரு திருப்பம். கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தின் வேதியியல் பிரிவுக்கு அவர் தலைவரானார்.

இந்த ஆய்வுக்கூடத்தைப் பற்றிச் சற்று அறிந்துகொள்வது நல்லது. கார்ல்ஸ்பர்க் பியர் ஆலையை 1847ல் நிறுவியவர் ஜே.சி. யாக்கப்சன். பியர் தயாரிப்பு என்பது உயிருள்ள ஈஸ்ட் செய்யும் வேலை. ஒரு முறை நன்றாக வரும் பியர், மறுமுறை காரணம் தெரியாமல் கெட்டுப்போகும். பரம்பரைப் பக்குவத்தை மட்டும் நம்பியிருக்காமல், அறிவியலின் துணையை நாட வேண்டும் என்று யாக்கப்சன் முடிவுசெய்தார். 1875ல் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். மறு ஆண்டே அதைப் பராமரிக்க ஓர் அறக்கட்டளையை அமைத்தார்.

அந்த ஆய்வுக்கூடத்திற்கு அவர் விதித்த விதி வியப்புக்குரியது. அங்கே கண்டறியப்படும் எந்த முக்கியமான முடிவையும் ரகசியமாக வைத்துக்கொள்ளக்கூடாது. எல்லாவற்றையும் வெளியிட வேண்டும். போட்டி ஆலைகள் படித்துப் பயனடைந்தாலும் பரவாயில்லை. 1883ல் எமில் ஹான்சன் அங்கே தூய ஈஸ்டைத் தனியே பிரித்து வளர்க்கும் முறையைக் கண்டபோது, அதுவும் மற்ற ஆலைகளுக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் யோகான் கெல்டால், உணவிலும் தானியத்திலும் உள்ள நைட்ரஜனை அளக்கும் முறையை அங்கே உருவாக்கினார். உணவில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்பதைக் கணக்கிட அவரது முறை இன்றும் பயன்படுகிறது.

கெல்டால் 1900ல் காலமானார். அவர் விட்டுச்சென்ற இடத்திற்கே சோரன்சன் வந்தார். அதுவரை கோபால்ட், ஸ்ட்ரான்ஷியம் போன்ற உலோகங்களின் சேர்மங்களை ஆராய்ந்தவர், இனிப் புரதங்கள், அமினோ அமிலங்கள், நொதிகள் பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. முப்பது வயதைக் கடந்த ஒருவர் தாம் தேர்ச்சி பெற்ற துறையை விட்டு, புதிய துறையில் அடிப்படையிலிருந்து தொடங்குவது எளிதன்று. சோரன்சன் அதைச் செய்தார்.

அளவு ஒன்று, வேகம் வேறு

நொதிகள் உயிர்களின் உடலில் வேதிவினைகளை வேகப்படுத்தும் பொருள்கள். மாவுப்பொருளைச் சர்க்கரையாக்குவதும், புரதத்தை உடைப்பதும், ஈஸ்ட் சர்க்கரையை நொதிக்கச் செய்வதும் அவைதான். நொதிகள் அமிலத்தன்மைக்கு மிகவும் நுட்பமாக எதிர்வினை காட்டின. கரைசலில் சற்றே புளிப்பு கூடினால் ஒரு நொதி விரைவாக வேலை செய்யும். இன்னும் சற்றுக் கூடினால் படுத்துவிடும்.

அன்றைய ஆய்வாளர்கள் அமிலத்தை எப்படி அளந்தார்கள்? எத்தனை துளி அமிலம் சேர்த்தோம், அதைச் சமன்செய்ய எவ்வளவு காரம் தேவைப்பட்டது என்று கணக்கிட்டார்கள். இதில்தான் சிக்கல் இருந்தது. ஒரே அளவு அமிலம் சேர்த்த இரு ஆய்வாளர்களுக்கு இரு வேறு முடிவுகள் கிடைத்தன. ஒருவர் செய்ததை மற்றவரால் ஒப்பிட முடியவில்லை.

ஏன் என்பதை ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரே செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும், வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலத்தையும் ஒரே அளவில் எடுத்துக்கொள்வோம். இரண்டையும் சமன்செய்ய ஒரே அளவு காரம் போதும். ஆகவே, பழைய கணக்கின்படி இரண்டும் சமம். உண்மையில் முதலாவது, துத்தநாகத் துண்டின் மேல் பட்டால் விறுவிறுவென்று குமிழிகளை எழுப்பும். இரண்டாவது மெதுவாகவே வேலை செய்யும்.

சுவீடனைச் சேர்ந்த ஸ்வான்டே அரேனியஸ் 1880களில் முன்வைத்த கொள்கை இதற்கு விளக்கம் தந்தது. அமிலம் நீரில் கரையும்போது ஹைட்ரஜன் அயனிகள் பிரிந்து வருகின்றன. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஏறக்குறைய எல்லாம் பிரிந்துவிடும். ஒரு லிட்டருக்கு 0.1 மோல் உள்ள அசெட்டிக் அமிலத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவே பிரியும். பிரிந்து நிற்கும் அயனிகளே உடனடியாக வேலை செய்பவை. மற்றவை கையிருப்பு.

நொதிகளுக்கு முக்கியம் மொத்த அமிலம் அன்று. பிரிந்து நிற்கும் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு. இதை உணர்ந்தவர்களில் சோரன்சன் முதலாமவர் அல்லர். 1904ல் ஜெர்மனியின் ஹான்ஸ் ஃபிரீடன்தால் இச்செறிவைக் கொண்டு கரைசல்களை வகைப்படுத்த முயன்றிருந்தார். அதை நம்பகமாக அளந்து, எல்லாரும் பயன்படுத்தும் வடிவில் தந்ததே சோரன்சனின் சாதனை.

1909: ஒரு கட்டுரை, மூன்று கருவிகள்

1909ல் நொதிகள் பற்றிய தமது நீண்ட கட்டுரையை சோரன்சன் வெளியிட்டார். ஜெர்மன் இதழில் அது 170 பக்கங்களுக்கு மேல் நீண்டது. பிரெஞ்சு மொழியிலும் டேனிஷ் மொழியிலும் வெளிவந்தது. அதில் அவர் மூன்று காரியங்களைச் செய்திருந்தார்.

முதலாவது, மின்சாரத்தால் அளக்கும் முறை. பிளாட்டினத் தகட்டைச் சுற்றி ஹைட்ரஜன் வாயுவைக் குமிழிகளாகச் செலுத்தி, அதைக் கரைசலில் வைத்தால் ஒரு மின்னழுத்தம் தோன்றும். கரைசலில் ஹைட்ரஜன் அயனிகள் எவ்வளவு உள்ளனவோ அதற்கேற்ப அந்த மின்னழுத்தம் மாறும். துல்லியமான முறைதான். ஆனால் நேரம் பிடிக்கும், பொறுமை வேண்டும், கருவிகளும் விலை அதிகம்.

இரண்டாவது, எல்லா ஆய்வகத்தாலும் செய்யக்கூடிய நிறமுறை. அமிலத்தன்மைக்கேற்ப நிறம் மாறும் சாயங்கள் பலவற்றை அவர் ஒவ்வொன்றாகச் சோதித்தார். எந்தச் சாயம் எந்த எல்லைக்குள் நிறம் மாறுகிறது, எது புரதம் கலந்த கரைசலில் ஏமாற்றுகிறது என்று பார்த்து நம்பத்தக்கவற்றைத் தேர்ந்தெடுத்தார். அவற்றோடு ஒப்பிட, தாங்கல் கரைசல்கள் எனப்படும் நிலையான கரைசல்களையும் தயாரித்து, அவற்றைக் கலக்கும் விகிதங்களைப் பட்டியலிட்டார். சிறிதளவு அமிலமோ காரமோ சேர்ந்தாலும் இவற்றின் தன்மை எளிதில் மாறாது.

மூன்றாவதுதான் அவருக்கு நிலைத்த புகழைத் தந்தது. தூய நீரில் ஹைட்ரஜன் அயனிச் செறிவு, ஒரு லிட்டருக்கு ஒரு மோலில் ஒரு கோடியில் ஒரு பங்கு. எலுமிச்சைச் சாறில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. இவ்வளவு பெரிய வேறுபாடுள்ள பின்னங்களை ஒவ்வொரு முறையும் எழுதுவது தொல்லை. ஒரு கோடி என்பது 1க்குப் பின் ஏழு சுழியங்கள். எனவே தூய நீருக்கு 7 என்று குறிக்கலாம். நூறுக்கு இரண்டு சுழியங்கள். ஆகவே எலுமிச்சைச் சாறுக்கு 2. கணிதத்தில் மடக்கை படித்தவர்களுக்கு இது உடனே புரியும். செறிவின் மடக்கையை எடுத்து, எதிர்க்குறியை நீக்கினால் பிஎச்.

இந்த எண்ணில் மாணவர்கள் தடுமாறும் இரண்டு இடங்கள் உண்டு. எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும். அத்துடன், ஒரு படி என்பது பத்து மடங்கு. பிஎச் 5 உள்ள மண், 6 உள்ள மண்ணைவிடப் பத்து மடங்கு அமிலமானது. 7 உள்ள மண்ணைவிட நூறு மடங்கு.

பெரிய எழுத்து எச், ஹைட்ரஜனைக் குறிக்கிறது. சிறிய பி எதைக் குறிக்கிறது? அடுக்கு என்று பொருள்படும் சொல், ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் பி எழுத்தில்தான் தொடங்குகிறது. அதனால் அதையே பலரும் பொருளாகக் கொள்கிறார்கள். சோரன்சன் தம் கட்டுரையில் அந்த எழுத்தை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று விளக்கவில்லை. இரண்டு கரைசல்களைக் குறிக்க பி, க்யூ என்று அடுத்தடுத்த எழுத்துகளை அவர் எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு.

ஆய்வுக்கூடத்திலிருந்து வயலுக்கு

புதிய அளவுகோலை உலகம் உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. 1914ல் பெர்லினில் லியோனர் மைக்கேலிஸ் ஹைட்ரஜன் அயனிச் செறிவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1920ல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்ட் கிளார்க் இன்னொன்றை எழுதினார். இந்த இரண்டு நூல்களும் பிஎச் முறையை உயிரியலாளர்களிடமும் மருத்துவர்களிடமும் கொண்டுசேர்த்தன.

மண்ணுக்கும் அது வந்து சேர்ந்தது. 1916ல் அமெரிக்காவில் லூயிஸ் கில்லஸ்பி மண்ணின் ஹைட்ரஜன் அயனிச் செறிவை அளந்து எழுதினார். தாவரங்கள் வளரும் இடங்களுக்கே சாயப் புட்டிகளை எடுத்துச் சென்று மண்ணைச் சோதித்த எட்கர் வெரி, பிஎச் எண் பொதுமக்களைக் குழப்பும் என்று கருதினார். அமிலம் கூடும்போது எண்ணும் கூடும்படி வேறோர் அளவை அவர் முன்வைத்தார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆயினும் காலப்போக்கில் பிஎச் முறையே நிலைத்தது. எல்லாரும் ஒரே அளவைப் பயன்படுத்துவதுதான் அறிவியலுக்கு அதிக நன்மை என்பதற்கு இது ஒரு சான்று.

டென்மார்க்கிலும் 1919ல் நீல்ஸ் பியெரம் தம் சக ஆய்வாளருடன் சேர்ந்து, மண்ணின் அமிலத்தன்மையைத் தீர்மானிப்பவை எவை என்று ஆராய்ந்தார். 1920களின் தொடக்கத்தில், காட்டிலும் புல்வெளியிலும் எந்த பிஎச் மண்ணில் எந்தத் தாவரம் வளர்கிறது என்று கார்ஸ்டன் ஓல்சன் செய்த விரிவான ஆய்வு, கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தின் வெளியீட்டிலேயே வந்தது. நொதிகளுக்காகச் செய்த அளவுகோல், விவசாயிகள் நெடுநாள் கேட்டிருந்த கேள்விக்கும் பதில் சொல்லத் தொடங்கியிருந்தது.

சோரன்சன் தம் அளவுகோலின் வெற்றியோடு ஓய்ந்துவிடவில்லை. புரதங்கள் பற்றிய நீண்ட ஆராய்ச்சியில் ஈடுபட்டார். முட்டையின் வெள்ளைக் கருவிலுள்ள புரதத்தைப் படிகமாக்கி ஆராய்ந்த அந்தப் பணியில் அவருடன் உழைத்தவர் மார்கரத் ஹொய்ரூப். ஆய்வுத் தோழியான அவரே சோரன்சனின் வாழ்க்கைத் துணைவியும் ஆனார்.

1924ல் சோரன்சன் செய்த ஒரு காரியம் குறிப்பிடத்தக்கது. செறிவான கரைசல்களில் அயனிகள் ஒன்றையொன்று பாதிக்கின்றன. ஆகவே எத்தனை அயனிகள் உள்ளன என்பதைவிட, எத்தனை அயனிகளுக்கு இணையாக அவை செயல்படுகின்றன என்பதே முக்கியம் என்பது அதற்குள் தெளிவாகியிருந்தது. தமது 1909 விளக்கம் இதற்குப் போதாது என்பதை உணர்ந்த அவர், இளம் ஆய்வாளர் காய் லின்டர்ஸ்ட்ரோம் லாங்குடன் சேர்ந்து பிஎச்சுக்குப் புதிய வரையறையை வெளியிட்டார். உலகம் முழுவதும் பரவிக்கொண்டிருந்த தம் சொந்த விளக்கத்தைத் தாமே முன்வந்து திருத்தும் மனம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

தொட்டி மண்ணில் அந்த எண்

சரி, செடிக்கு இந்த எண் ஏன் முக்கியம்?

மண்ணில் சத்து இருந்தால் மட்டும் போதாது. அது வேர் உறிஞ்சக்கூடிய வடிவில் கரைந்திருக்க வேண்டும். மண்ணில் காரத்தன்மை கூடினால் இரும்பு, மாங்கனீஸ், துத்தநாகம் ஆகியவை கரையாத வடிவுக்குப் போய்விடும். அமிலத்தன்மை மிகுந்தால் பாஸ்பரஸ், இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்துகொள்ளும். கரைந்து வரும் அலுமினியம் வேரைத் தாக்கும். பெரும்பாலான காய்கறிகளும் மூலிகைகளும் 6 முதல் 7 வரை உள்ள மண்ணில் நன்றாக வளர்வது இதனால்தான்.

வீவக வீட்டுத் தாழ்வாரத்தில் வைத்திருக்கும் இட்லிப்பூச் செடியை எடுத்துக்கொள்வோம். வெட்சி என்றும் அதைச் சொல்வார்கள். அது சற்று அமிலமான மண்ணை விரும்பும் செடி. அதன் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றால், அது இரும்புச் சத்துக் குறைவின் அறிகுறி. உடனே நாம் உரத்தை அள்ளிப் போடுகிறோம். மண்ணில் இரும்பு இல்லாததால் அன்று, பிஎச் கூடியதால் செடிக்கு அது எட்டாமல் போயிருக்கலாம். அப்படியானால் எவ்வளவு உரம் போட்டும் பயனில்லை. அதிக உரத்தால் வேர் கருகிச் செடி செத்துப்போகவும் கூடும். அளக்காமல் வைத்தியம் பார்ப்பதன் விளைவு இது.

தொட்டியில் மண் கொஞ்சம்தான் இருக்கிறது. அதனால் தோட்டத்து மண்ணைவிட விரைவாக அதன் தன்மை மாறும். அம்மோனியம் கலந்த உரங்கள் நாளடைவில் மண்ணை அமிலமாக்கும். சற்றுக் காரத்தன்மையுள்ள குழாய்த் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றினால் பிஎச் மெல்ல உயரும்.

சோதிப்பது கடினமன்று. தொட்டியின் மேற்பரப்பை விட்டு, சில சென்டிமீட்டர் ஆழத்தில் இரண்டு மூன்று இடங்களிலிருந்து மண்ணை எடுங்கள். கல், வேர், உரத் துணுக்குகளை நீக்கி நிழலில் உலர்த்துங்கள். ஒரு பங்கு மண்ணுக்கு அதே அளவு வடிகட்டிய தூய நீர் சேர்த்து நன்றாகக் கலக்குங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதன் சொந்த பிஎச் உங்கள் முடிவில் கலந்துவிடும். அரை மணி நேரம் கழித்து, தெளிந்த நீரில் நிறத்தாளை நனைத்து அட்டையோடு ஒப்பிடுங்கள். அமிலம் முதல் காரம் வரை எல்லாவற்றையும் காட்டும் தாளைவிட, 4 முதல் 8 வரை மட்டும் நுட்பமாகக் காட்டும் தாள் மண்ணுக்குப் பொருத்தம்.

கருவியைப் பயன்படுத்துவோர், பிஎச் 4, 7 ஆகிய தாங்கல் கரைசல்களில் வைத்து அதை முதலில் சரிபார்க்க வேண்டும். சோரன்சன் பட்டியலிட்ட கரைசல்களின் வழிவந்தவையே அவை. சரிபார்க்காத கருவி காட்டும் எண், எத்தனை தசமப் புள்ளிகளோடு இருந்தாலும் நம்பத்தக்கதன்று. மண்ணில் குத்தியவுடன் முள் நகரும் மலிவான கருவிகளை மட்டும் நம்பி மருந்து போடாதீர்கள்.

வீட்டிலேயே சிறு பரிசோதனை செய்ய விரும்புவோர் சங்குப்பூவை எடுத்துக்கொள்ளலாம். மலாய்க்காரர்களும் பெரனாக்கான் மக்களும் சோற்றுக்கும் பலகாரத்திற்கும் நீல நிறமூட்டப் பயன்படுத்தும் அதே பூங்கா தெலாங்தான். அதைச் சுடுநீரில் ஊறவைத்தால் நீலச் சாறு கிடைக்கும். எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகும். சலவை சோடா சேர்த்தால் பச்சையாகும். ஆனால், பிஎச் 5 உள்ள மண் நீரும் 7 உள்ள மண் நீரும் அதில் ஏறக்குறைய ஒரே நீலமாகத்தான் தெரியும். ஒவ்வொரு சாயமும் தனக்குரிய எல்லைக்குள்தான் உண்மை பேசும். சோரன்சன் அத்தனை சாயங்களைச் சலித்தெடுத்த காரணம் இப்போது விளங்கும்.

மண் அமிலமாக இருந்தால் டோலமைட் சுண்ணாம்புத் தூளைச் சிறிதளவு கலக்கலாம். காரமாக இருந்தால் கந்தகத் தூள் உதவும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை மெல்ல அமிலமாக்கும் என்பதால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒரே பிஎச் உள்ள இரண்டு தொட்டிகளுக்கு ஒரே அளவு சுண்ணாம்பு போதும் என்று நினைத்துவிட வேண்டாம். களிமண்ணும் மக்கிய இலைகளும் நிறைந்த மண்ணில் கையிருப்பு அமிலம் அதிகம்; மணலில் குறைவு. செயல்படும் அமிலம் வேறு, கையிருப்பு அமிலம் வேறு என்று சோரன்சனின் காலத்து ஆய்வாளர்களைக் குழப்பிய அதே வேறுபாடு தொட்டிக்குள்ளும் இருக்கிறது. ஆகவே கொஞ்சம் போட்டு, சில வாரங்கள் பொறுத்து, மீண்டும் அளந்து பார்ப்பதே சரியான வழி.

கடைசி ஆண்டுகள்

சோரன்சனின் இறுதிக் காலத்தில் அவரது எண்ணை அளக்கும் வேலை மிக எளிதாகிவிட்டது. கண்ணாடி மின்முனைகள் வந்தன. 1934ல் அமெரிக்காவின் ஆர்னல்ட் பெக்மன், எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தன்மையை அளக்க வழிகேட்ட நண்பருக்காக ஒரு மின்னணுக் கருவியைச் செய்து கொடுத்தார். அதிலிருந்து பிறந்த பிஎச் மானிகள் தொழிற்சாலைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் பரவின. ஹைட்ரஜன் வாயுவும் பிளாட்டினத் தகடும் கொண்டு நெடுநேரம் செய்த வேலை, சில நிமிடங்களில் முடிந்தது.

37 ஆண்டுகள் தலைமை வகித்த பிரிவிலிருந்து 1938ல் சோரன்சன் ஓய்வுபெற்றார். அவருடன் சேர்ந்து பிஎச்சைத் திருத்தி எழுதிய லின்டர்ஸ்ட்ரோம் லாங் அந்தப் பொறுப்பை ஏற்றார். மறு ஆண்டு, 1939 பிப்ரவரி 12ஆம் தேதி, 71வது வயதில் சோரன்சன் காலமானார்.

அவருக்கு நோபெல் பரிசு கிடைக்கவில்லை. தமது அளவுகோலால் அவர் செல்வம் சேர்க்கவுமில்லை. ஆய்வுக்கூடத்தின் விதிப்படி அது முதல் நாளிலிருந்தே எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. குடிநீரின் தரம் சோதிக்கும் பொறியாளரும், நோயாளியின் ரத்தத்தைப் பரிசோதிக்கும் தாதியும், தொட்டியில் கறிவேப்பிலை வளர்க்கும் பாட்டியும் ஒரே எண்ணைக் கொண்டு பேச முடிகிறது என்றால், அது அந்தத் திறந்த மனத்தின் பயன்.

அடுத்த முறை உங்கள் செடி வாடினால், உரப் பையைத் தேடுமுன் மண்ணை அளந்து பாருங்கள். வாடுவதற்குக் காரணம் பசியா, அல்லது இருக்கும் உணவை உண்ண முடியாத நிலையா என்பதை அந்தச் சிறு எண் சொல்லிவிடும்.